குளிர்காலத்தில் சந்தியாகப்பர் பாதை: புதுவையிலிருந்தும் கடலூரிலிருந்தும் கிளம்புகிறவர்களுக்கு

வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்தவர்களும், தைப்பூச ஜோதி தரிசனத்துக்காக வடலூருக்கு நடந்தவர்களும் புதுவையிலும் கடலூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பிரான்ஸில் அண்ணனோ, சித்தப்பாவோ, கட்டிக்கொடுத்த மகளோ இருப்பதும் நம் பக்கத்தில் சாதாரணம். அத்தகைய குடும்பங்களிலிருந்துதான், ஸ்பெயினில் இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறை இருக்கும் சந்தியாகோ தெ கொம்பொஸ்தெலாவை நோக்கிப் பிரான்ஸ் வழியாகச் செல்லும் பழைய யாத்திரைப் பாதையைக் குளிர்காலத்தில் நடக்க முடியுமா என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கிறிஸ்துமஸுக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அப்படியே ஜனவரியில் நடந்துவிட நினைக்கிறார்கள்.

முடியும். உடல் நலமுள்ள, நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் நடந்து பழகிய எவரும் நடக்கலாம். ஆனால் குளிர்கால நடையின் வெற்றியைக் கால்களின் வலு தீர்மானிப்பதில்லை. அன்றிரவு தங்க ஒரு கூரை உறுதியாகி இருக்கிறதா, அந்தக் கூரையை வெளிச்சம் இருக்கும்போதே சென்றடைய முடியுமா என்ற இரண்டே கேள்விகள்தான் ஒவ்வொரு நாளையும் தீர்மானிக்கின்றன. வேளாங்கண்ணி வழியில் பந்தல் இருக்கும், நீர்மோர் இருக்கும், முன்னாலும் பின்னாலும் கூட்டம் இருக்கும். களைத்தால் எந்தத் திண்ணையிலும் துண்டை விரித்துப் படுத்துவிடலாம். பிரான்ஸின் மலைப்பகுதியில் ஜனவரி மாதத்தில் காலை முதல் மாலை வரை நடந்தும் இன்னொரு யாத்திரிகரைக் காணாத நாள்கள் உண்டு. திறந்த வெளியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. ஆகவே நம் பாதயாத்திரைப் பழக்கத்தில் உள்ள மனஉறுதியை எடுத்துக்கொண்டு, அதன் ஏற்பாட்டு முறையை இங்கேயே விட்டுச் செல்ல வேண்டும்.

எந்தப் பாதை, எந்தப் பகுதி

பிரான்ஸிலிருந்து சந்தியாகோவுக்குப் பாரிஸ், வெஸலே, லெ புய், ஆர்ல் ஆகிய நான்கு தொடக்கங்களைக் கொண்ட நான்கு பெரும் பாதைகளை 12ஆம் நூற்றாண்டிலிருந்தே குறிப்பிடுகிறார்கள். அவற்றில் இன்று அதிகம் பேர் நடப்பதும், அடையாளக் குறிகளும் தங்கும் இடங்களும் நன்கு அமைந்திருப்பதும் லெ புய் பாதைதான். அந்நகரின் ஆயர் கோதெஸ்கால்க் 950ஆம் ஆண்டு இறுதியில் புறப்பட்டு 951இல் சந்தியாகோ போய்த் திரும்பியதாகப் பதிவு இருக்கிறது. அந்தப் பயணமும் குளிர்காலத்தில் நடந்ததுதான். பிரான்ஸிலுள்ள சந்தியாகோ பாதைகளை யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இப்பாதையின் சில நீளங்களும் தனித்தனியே அதில் சேர்ந்தன.

இன்றைய நடைபாதைக் கணக்கில் இதற்கு ஜி.ஆர். 65 என்று பெயர். வெள்ளை, சிவப்பு என ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் கல்லிலும் மரத்திலும் மின்கம்பத்திலும் தீட்டப்பட்டிருக்கும். அதே நிறங்கள் பெருக்கல் குறியாக இருந்தால் அந்த வழி தவறு என்று பொருள். லெ புய்யிலிருந்து பிரனீஸ் மலையடிவாரத்திலுள்ள சேன் ழான் பியே த போர் வரை ஏறத்தாழ 750 கிலோமீட்டர் வருகிறது. கோடையில் ஒரு மாதத்தைச் சற்றே தாண்டி முடிக்கிறார்கள். குளிரில் அதைவிடக் கூடுதல் நாள்களை ஒதுக்க வேண்டும், அல்லது ஒரு பகுதியை மட்டும் நடக்க வேண்டும்.

பனியை இதுவரை கண்ணால் காணாதவர்கள் லெ புய்யில் தொடங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். அங்கிருந்து முதல் 150 கிலோமீட்டருக்குள் மார்ஜெரீத் மலைத்தொடரும் ஒப்ராக் மேட்டுநிலமும் வந்துவிடுகின்றன. பாதை 1,300 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. நம் செஞ்சிக் கோட்டை மலைகளைப் போல ஏறி இறங்கிவிடும் குன்றுகளல்ல இவை. நாள்கணக்கில் அந்த உயரத்திலேயே நடக்க வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர்கள் கோங்க் அல்லது ஃபிஜாக் நகரில் தொடங்கி காவோர், முவாசாக் வழியாக லெக்தூர், கோந்தோம் வரை நடப்பது நல்லது. உயரம் குறைவு, பனி விழுந்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் கரைந்துவிடும், ஃபிஜாக், காவோர், முவாசாக் மூன்றிலும் ரயில் நிலையம் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்றால் வண்டி ஏறி உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நிம்மதி குளிர்காலத்தில் பெரிய பலம்.

காலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருந்தால் டிசம்பர், ஜனவரியைத் தவிர்த்துப் பிப்ரவரி இறுதியில் புறப்படுங்கள். குளிர் அப்போதும் இருக்கும்; ஆனால் பகல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீண்டிருக்கும், மூடிக்கிடந்த விடுதிகள் மார்ச் முதல் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கும்.

வெளிச்சத்தின் கணக்கு

மார்கழியிலும் நமக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது. லெ புய்யில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை 8.15ஐ ஒட்டி உதித்து மாலை 5 மணிக்கு மறைந்துவிடுகிறது. மொத்தப் பகல் எட்டே முக்கால் மணி நேரம்தான். மேகம் கவிந்த நாளில் நாலரைக்கே காட்டுப் பாதையில் குறிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். எனவே எட்டரைக்குப் புறப்பட்டு நான்கு மணிக்குள் சேருவதே திட்டமாக இருக்கட்டும். ஏழரை மணி நேரத்தில் ஓய்வுக்கும் உணவுக்கும் ஒரு மணி நேரத்தைக் கழித்து, சுமையோடும் சேற்றோடும் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், ஒரு நாளின் தூரம் இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பனி கணுக்கால் உயரம் இருந்தால் வேகம் பாதியாகும். அன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விடியலுக்கு முன்பே நடக்கத் தொடங்கும் நம் ஊர் வழக்கம் இங்கே உதவாது. அந்த நேரத்தில்தான் தரை கண்ணாடிப் பனிக்கட்டியாக இருக்கும்.

தலையில் கட்டும் டார்ச் ஒன்றும் மாற்று பேட்டரியும் கட்டாயம் வேண்டும். தாமதமாகிவிட்ட நாளுக்கான பாதுகாப்பு அது; அதை நம்பித் தூரத்தைக் கூட்டக் கூடாது.

கூரையை உறுதி செய்வது எப்படி

இப்பாதையில் யாத்திரிகர்கள் தங்கும் எளிய விடுதியை ழீத் என்கிறார்கள். பொதுப் படுக்கை அறை, குளியலறை, சமையலறை இருக்கும். சில ஊராட்சிக்குச் சொந்தமானவை, சில தனியார் வீடுகள், சில திருச்சபையின் இல்லங்கள். கடைசி வகையில் பெரும்பாலும் இயன்றதைக் காணிக்கையாகப் பெட்டியில் போட்டால் போதும். நவம்பர் தொடங்கி ஈஸ்டர் வரை இவற்றில் பெரும்பகுதி மூடியிருக்கும். ஆகவே கோடைக்கால விடுதிப் பட்டியலை வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் இரவில் பூட்டிய கதவின் முன் நிற்க நேரிடும்.

செய்ய வேண்டியது இது. புறப்படும் முன்பே ஒவ்வொரு ஊரிலும் குளிர்காலத்தில் திறந்திருக்கும் இடம் எது என்று மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் கேட்டு ஒரு முதல் பட்டியல் தயாரியுங்கள். நடக்கும்போது, அடுத்த இரண்டு இரவுகளுக்கான இடத்தை முன்கூட்டியே அழைத்து உறுதி செய்யுங்கள். நாளை மட்டும் உறுதியாகி நாளை மறுநாள் வெறுமையாக இருந்தால், நாளைய ஊரைத் தாண்டி எங்கும் போக முடியாத நிலை வந்துவிடும். இரண்டு இரவு முன்னால் யோசிப்பதன் காரணம் அதுவே. மூடியிருப்பதாக இணையத்தில் போட்டிருக்கும் வீட்டுக்காரர்கள்கூட, குளிர்காலத்தில் தனியாக ஒருவர் நடந்து வருகிறார் என்று கேள்விப்பட்டால் ஓர் அறையைச் சூடாக்கி வைப்பதுண்டு. அழைத்துக் கேட்டால்தான் அது தெரியும்.

பிரெஞ்சு தெரியாதவர்களும் ஒரே ஒரு வாக்கியத்தைப் பாடம் செய்துகொள்ளுங்கள்: "போன்ழூர் மதாம், ழ ஸுய் பெல்ரேன். எஸ் க வூ ஸெத் ஊவேர் த்மேன் ஸ்வார்?" நான் யாத்திரிகர், நாளை இரவு திறந்திருக்கிறீர்களா என்று கேட்கிறீர்கள். புதுவையில் பக்கத்துத் தெருவிலேயே ஒரு சொல்தா தாத்தா இருப்பார். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவரிடம் உட்கார்ந்து, கேள்வியோடு எண்களையும் கிழமைகளையும் சொல்லிப் பழகுங்கள். மறுமுனையிலிருந்து வரும் பதில் புரிவதுதான் கடினம். அதற்காகவே பிரான்ஸில் உள்ள உறவினர் ஒருவரிடம் முன்பே பேசி வைத்து, சிக்கலான அழைப்புகளை அவரைக் கொண்டு செய்யுங்கள். அவரிடமே உங்கள் அன்றாடத் திட்டத்தையும் கொடுத்து வையுங்கள். மாலை ஆறு மணிக்குள் உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் முதலில் விடுதிக்கு அழைக்க வேண்டும், அங்கும் நீங்கள் இல்லையென்றால் 112க்கு அழைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் அம்மாவுக்கு அழைப்பதாக இருந்தால் அங்கே மாலை ஐந்து என்பது நமக்கு இரவு ஒன்பதரை என்பதை நினைவில் வையுங்கள். நான்கரை மணி நேர வித்தியாசம்.

எங்கும் இடம் கிடைக்காதபோது ஊர் மேரிக்குப் போய்க் கேளுங்கள். மேரி என்றால் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகம்; புதுவைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊராட்சி விடுதியின் சாவி பல சிற்றூர்களில் அங்கேதான் இருக்கும்; ஆனால் சிற்றூர் மேரி வாரத்தில் சில நாள், சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் சனி, ஞாயிறு இரவுகளை முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும். யாத்திரிகர் அட்டை ஒன்றை லெ புய் பேராலயத்திலோ ஒரு யாத்திரிகர் சங்கத்திடமோ வாங்கி, தங்கும் இடமெல்லாம் முத்திரை பெறுங்கள். குளிர்காலத்தில் கதவைத் தட்டும் அந்நியரை யாத்திரிகர் என்று அடையாளம் காட்டுவது அந்த அட்டைதான்.

உடை

நம்மவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குளிர் என்றதும் மிகத் தடிமனான ஒரே ஜாக்கெட்டை வாங்கத் தோன்றும். அதைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் உள்ளே வியர்வை ஓடும். மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க நின்ற ஐந்தாவது நிமிடத்தில் அந்த வியர்வையே உடம்பைச் சில்லிட வைக்கும். உள்ளே பருத்திப் பனியன் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பருத்தி நீரை உறிஞ்சி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அன்று முழுவதும் காயாது. நம் வெயிலுக்கு இதைவிட நல்ல துணி கிடையாது. அங்கே அதே குணம்தான் உடற்சூட்டைக் குடிக்கிறது.

மூன்று அடுக்குகளாக உடுத்துங்கள். உடம்போடு ஒட்டியது மெல்லிய மெரினோ கம்பளியாலோ செயற்கை இழையாலோ ஆனதாக இருக்கட்டும். அதன் மேல் சூட்டைத் தேக்கும் ஃபிளீஸ் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ரெயின் ஜாக்கெட். நடக்கும்போது நடு அடுக்கைக் கழற்றிவிட்டு, லேசாகக் குளிர்வது போன்ற நிலையிலேயே நடக்க வேண்டும். நின்றால் உடனே அதை எடுத்துப் போட வேண்டும். ஆகவே அந்தச் சட்டையைப் பையின் அடியில் திணிக்காமல் மேலேயே வையுங்கள். கையுறை இரண்டு ஜோடி, காதை மூடும் கம்பளிக் குல்லா, மழைக்கால்சட்டை, ஷூவுக்குள் பனி புகாமல் அதன் மேல் முழங்கால்வரை கட்டும் உறை, இரண்டு ஊன்றுகோல்கள் ஆகியவை தேவை. விடுதிகளில் போர்வை இருந்தாலும் சூடு போதாது. லேசான தூக்கப் பை ஒன்று வேண்டும். சுமை எட்டொன்பது கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷூவை மட்டும் இங்கேயே, புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு வாங்குங்கள். நீர் புகாததாகவும், தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்க்கும்போது விரல்களுக்கு முன் ஒரு விரற்கடை இடம் இருப்பதாகவும் அது இருக்க வேண்டும். மற்ற குளிர் உடைகளைப் பிரான்ஸில் வாங்குவதே நல்லது. ஜனவரியில் தொடங்கும் தள்ளுபடி விற்பனையில் விலையும் குறையும்.

நனைந்த ஷூவை உலர்த்துவது தினசரி வேலையாகிவிடும். ஒழுங்காகச் செய்தால் மறுநாள் காலை உங்களுக்கு நீங்களே நன்றி சொல்லிக்கொள்வீர்கள். விடுதிக்குள் நுழைந்ததும் உள்தட்டை வெளியே எடுத்துத் தனியாக நிறுத்துங்கள். கயிற்றை முழுக்கத் தளர்த்தி நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனி வரை இறுகத் திணியுங்கள். அரை மணி நேரத்தில் தாள் கஞ்சிபோலத் துவண்டிருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதிய தாளைத் திணியுங்கள். படுக்கும் முன் மூன்றாம் முறை. ஹீட்டருக்கு அருகில், ஆனால் அதன்மேல் படாமல் வையுங்கள். நேரடிச் சூட்டில் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும், தோல் வெடிக்கும். ஸோக் ஊரில் ஒரு வீட்டுக்கார அம்மா தன் விறகடுப்புக்குப் பக்கத்தில் இதற்கென்றே செய்தித்தாள் கட்டு ஒன்றை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். வருகிறவர்களின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அவர் ஷூவைத்தான் கேட்டு வாங்கினார்.

ஒப்ராக்கைக் கடப்பதென்றால்

லெ புய்யிலிருந்தே நடக்கத் துணிந்தவர்களுக்கு இந்தப் பகுதி. மொனிஸ்த்ரோல் தலியே என்ற ஊரில் அலியே ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் செங்குத்தாக இறங்கி, மறுபுறம் அதே அளவு செங்குத்தாக ஏறி ஸோக் சேர வேண்டும். ஈர இலையும் பனிக்கட்டியும் கலந்த அந்த இறக்கத்தில், ஷூவின் அடியில் மாட்டும் சிறு இரும்பு முள் பட்டை இருந்தால் இடுப்பும் முழங்காலும் தப்பும். மொனிஸ்த்ரோலில் ரயில் நிலையம் இருக்கிறது. அடுத்து ஒமோன் ஒப்ராக்கில் இருக்கிறது. இவ்விரண்டும் இப்பகுதியில் திரும்பிப் போவதற்கான வாசல்கள்.

லெ புய்யைச் சுற்றியுள்ள வெலே மேட்டுநிலத்தில் வீசும் வாடைக்காற்றை அவ்வூரார் ப்யூர்ல் என்கிறார்கள். விழுந்துகிடக்கும் பனியையே அது வாரி எடுத்து வேலியோரங்களில் ஆள் உயரத்துக்குக் குவித்துவிடும். வானிலிருந்து பனி விழாத நாளிலும் பாதை மறையும். ஒப்ராக்கில் அடிக்கும் அதேவகைக் காற்றுக்கு எசிர் என்று பெயர். ஒப்ராக் பரந்த மேய்ச்சல் நிலம். மே 25ஐ ஒட்டி மாடுகள் மலையேறி, அக்டோபரில் இறங்கிவிடும். அதன் பிறகு அங்கே மாடும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. பாலாடைக்கட்டி செய்யும் கல் குடில்களும் பூட்டியிருக்கும். மரமே இல்லாத வெளியில் மூடுபனி இறங்கினால் திசை தெரியாது. 12ஆம் நூற்றாண்டில் ஒப்ராக் கிராமத்தில் நிறுவப்பட்ட யாத்திரிகர் மடத்தில், மூடுபனியிலும் பனிப்புயலிலும் வழிதவறியவர்கள் ஒலி வந்த திக்கை நோக்கி வருவதற்காக மணியை விடாமல் அடித்தார்கள். அந்த மணியின் அவசியம் ஏன் வந்தது என்பதை அங்கே ஒரு மாலை நின்றால் புரிந்துகொள்ளலாம்.

ஒமோனிலிருந்து நஸ்பினால் வரையிலான 26 கிலோமீட்டரும், நஸ்பினாலிலிருந்து ஒப்ராக் வழியாக சேன் ஷெலி வரையிலான 17 கிலோமீட்டரும் தான் அபாயம் அதிகமுள்ள இரண்டு நாள்கள். பிரெஞ்சு வானிலை அமைப்பான மெத்தியோ ஃபிரான்ஸ் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. பனிக்கோ காற்றுக்கோ ஆரஞ்சு அறிவித்த நாளில் அறையை விட்டு வெளியேறாதீர்கள். மஞ்சள் என்றால் விடுதிக்காரரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பாதையில் பனி முழங்காலைத் தொட்டால் மேய்ச்சல் வெளியை விட்டுவிட்டு, பனி வாரும் வண்டி ஓடிய தார்ச்சாலை வழியே செல்லுங்கள். அங்கே வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகின்றன. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பதற்கு நீங்கள் சாலையின் இடது ஓரத்தில் நடக்க வேண்டும். சாலையின் இடப்பக்கம் வண்டி ஓடும் ஊரில் பழகிய நமக்கு இது தன்னிச்சையாக வராது, கவனம் தேவை. ஒளிரும் மேலங்கி அணிந்துகொள்ளுங்கள்.

இதைக் கூறியாக வேண்டும்: ஒமோனிலிருந்து ஒரு டாக்ஸியில் ஏறி சேன் ஷெலியிலோ எஸ்பாலியோனிலோ இறங்கி நடையைத் தொடர்வதால் யாத்திரையின் புண்ணியம் குறைந்துவிடாது. பழங்கால யாத்திரிகர்களும் குளிருக்குப் பயந்து மடங்களில் வாரக்கணக்கில் காத்திருந்தவர்களே.

குளிர் உடம்பைத் தாக்கும் அறிகுறிகளைக் கூட வருகிறவர் முகத்தில் பார்க்கப் பழகுங்கள். விடாத நடுக்கம், விரல்களால் ஜிப்பைப் பிடிக்க முடியாமை, பேச்சுக் குழறல், எதற்கெடுத்தாலும் எரிச்சல் ஆகியவை தொடக்கம். உடனே காற்று படாத இடத்துக்குக் கொண்டு போய், ஈர உடையை மாற்றி, இனிப்பான சூடான பானம் கொடுத்து, 112க்கு அழையுங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அது நிலைமை முற்றியதன் அடையாளமாக இருக்கலாம். இன்சுலின் எடுத்துக்கொள்கிறவர்கள் மருந்தைப் பைக்குள் வைக்காமல் சட்டையின் உள்பையில் வைக்க வேண்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது. கைபேசியும் அப்படியே, குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி முன்பே இறக்கி வையுங்கள், ஏனெனில் பனி மூடிய கல்லில் சிவப்பு வெள்ளைக் கோடு தெரியாது.

வேட்டையும் சேறும்

பிரான்ஸில் செப்டம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை வேட்டைப் பருவம். காட்டுப்பன்றி வேட்டை பல பகுதிகளில் மார்ச்சிலும் நீள்கிறது. ஆள்கள் அரைவட்டமாக நின்று பன்றியை விரட்டிச் சுடுவார்கள். பாதையோரம் வேட்டை நடக்கிறது என்ற அறிவிப்புப் பலகையையோ, ஒளிரும் ஆரஞ்சு அங்கி அணிந்தவர்களையோ பார்த்தால் உரக்க வணக்கம் சொல்லி, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டுவிட்டே நகருங்கள். உங்கள் பையின் மேலும் ஆரஞ்சு உறை இருக்கட்டும்.

முவாசாக் தாண்டி ழேர் மாவட்டத்துக்குள் நுழைந்தால் குளிர் குறையும், மழையும் சேறும் கூடும். ஐப்பசி மழைக்குப் பின் நம் நெல்வயல் வரப்பில் நடப்பது போன்றே, களிமண் ஷூவில் அப்பி ஒவ்வோர் அடிக்கும் கனத்துக்கொண்டே போகும். அங்கே தூரத்தைக் குறைத்து, மிக மோசமான நீளங்களில் பக்கத்துச் சிறு தார்ச்சாலையைப் பிடியுங்கள்.

உணவு

குளிரில் உடம்பு கூடுதலாகக் கேட்கும், கடைகளோ குறைவாகத் திறந்திருக்கும். சிற்றூர்க் கடைகள் மதியம் சில மணி நேரம் மூடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்களில் எதுவும் கிடைக்காது. இரண்டு வேளைக்கான ரொட்டி, பாலாடைக்கட்டி, உலர்பழம், பாதாம் எப்போதும் பையில் இருக்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் இனிப்புத் தேநீர் இருக்க வேண்டும். இரவு உணவோடு தங்குவதற்கு முன்பதிவு செய்யும்போதே சைவம் என்றால் சொல்லிவிடுங்கள். லெ புய்யின் பச்சைப் பருப்பும், உருளைக்கிழங்கை இளம் பாலாடைக்கட்டியோடு இழுத்துக் கிளறும் ஒப்ராக்கின் அலிகோவும் சைவர்களுக்கு நிறைவான உணவு. தெற்கே போகப் போக வாத்து இறைச்சிதான் மேசையை ஆளும். சமையலறை உள்ள விடுதிகளில் ரசப்பொடியும் பருப்புப்பொடியும் கொஞ்சம் அரிசியும் இருந்தால் அந்த இரவு சொர்க்கம். நெய், பால்கோவா, கருவாடு, பச்சைக் கறிவேப்பிலை எதையும் கொண்டு போகாதீர்கள்; பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை உண்டு, பச்சிலைகளுக்கும் சான்றிதழ் கேட்பார்கள், கருவாட்டைப் பற்றிய வாக்குவாதம் விமான நிலையத்தில் தேவையற்றது.

விசாவும் பணமும்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுவைக் குடும்பத்தினருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்; 180 நாள்களில் 90 நாள்வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. மலைப்பகுதி மீட்புச் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். தங்கும் இடத்துக்கான சான்றுதான் நடைப்பயணிக்குத் தலைவலி. உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் தன் ஊர் மேரியில் வரவேற்புச் சான்றிதழ் வாங்கி அனுப்பலாம். நடக்கும் நாள்களுக்கு ஊர்வாரியான அட்டவணையையும், உறுதியான முன்பதிவுகளையும் இணைத்துத் தெளிவான கடிதம் ஒன்று கொடுங்கள். சிறிய ழீத்துகள் பலவற்றில் கார்டு செல்லாது, ரொக்கம் வேண்டும்.

இங்கிருந்தே பழகுவது

குளிரை நம் ஊரில் பயில முடியாது. ஷூவையும் சுமையையும் ஏற்றத்தையும் பயிலலாம். வெறுங்காலோடு நடக்கும் நேர்ச்சையை இந்தப் பயிற்சியிலிருந்து தனியாக வையுங்கள். பாதம் ஷூவுக்குள் பழகுவது வேறு. எட்டுக் கிலோ பையோடு விடியற்காலையில் கடற்கரையோரம் நடந்து தொடங்கி, கடலூர்க்காரர்கள் கேப்பர் மலைப் பக்கமும், எல்லோரும் வாரம் ஒருமுறை செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படிகளிலும் ஏறி இறங்குங்கள். இறக்கம்தான் முழங்காலைச் சோதிக்கும். ஊன்றுகோலை அங்கேயே பழகுங்கள். திருவண்ணாமலைக் கிரிவலத்தின் 14 கிலோமீட்டரைப் பையோடு முடித்து மறுநாள் காலை மீண்டும் அதே தூரம் நடக்க முடிகிறது என்றால் உடம்பு தயார்.

வழியில் நிற்க வேண்டிய இடங்கள் பல. எல்லாவற்றையும் இங்கே அடுக்கவில்லை. ஆனால் கோங்க் வந்தால் ஒரு முழு நாள் நில்லுங்கள். புனித ஃபோவா ஆலயத்தின் வாசல் மேல் 12ஆம் நூற்றாண்டில் செதுக்கிய, உலக முடிவின் பொதுத் தீர்வையை (இறுதித் தீர்ப்பை) காட்டும் சிற்பத்தைக் கோடையில் கூட்டத்துக்கு நடுவேதான் பார்க்க முடியும்; ஜனவரியில் அது உங்களுக்கு மட்டும் காத்திருக்கும். உள்ளே ஓவியர் பியர் சூலாழ் வடிவமைத்து 1994இல் நிறுவப்பட்ட 104 சன்னல்களில் நிறம் எதுவும் கிடையாது. குளிர்காலத்து மெல்லிய வெயில் அந்தப் பால்நிறக் கண்ணாடியில் காலை ஒரு விதமாகவும் மாலை ஒரு விதமாகவும் இறங்குவதைப் பார்க்க ஓய்வு நாளைச் செலவிடலாம்.

முழுப் பாதையையும் நடந்து சேன் ழான் பியே த போர் சேர்ந்தவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் உத்தமம். ஸ்பெயினுக்குள் இறங்கும் நெப்போலியன் வழி என்ற உயர மலைப்பாதை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்பட்டிருக்கும். வானம் தெளிவாக இருந்தாலும் அதில் போக அனுமதியில்லை. தொடர்ந்தே தீர வேண்டும் என்பவர்கள் வால்கார்லோஸ் ஊர் வழியாகச் செல்லும் பள்ளத்தாக்குப் பாதையில் ரொன்செஸ்வாயெஸ் போக வேண்டும். முதல் நாள் மாலை சேன் ழானில் உள்ள யாத்திரிகர் அலுவலகம் திறந்திருந்தால் அங்கும், இல்லையென்றால் தங்கும் விடுதியிலும் சாலையின் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் திரும்புகிறவர்களுக்குச் சேன் ழானிலிருந்து பயோன் நகருக்கு ரயில் இருக்கிறது. பயோனிலிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயில் கிடைக்கும். குளிர்காலத்தில் சேன் ழான் ரயில்கள் நாளொன்றுக்குச் சிலவே என்பதால், கடைசி நாள் நடையை அந்த நேரத்துக்கு ஏற்பத் திட்டமிடுங்கள்.